என் தும்மலின் உரிமையாளர்

ஜனவரி 8

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும், நீ விட்டுப்போன கற்றாழைத் தொட்டியும் நலம். அங்கே உன் நலமும் விடுதிச் சாப்பாட்டின் நலமும் அறிய ஆசை.

போனில் பேசாமல் காகிதத்தை எடுத்துவிட்டேனே என்று பார்க்காதே. போன வாரம் நீ கூப்பிட்டபோது நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை, நான் சொன்னது மட்டும் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு அக்கா மறுநாள், "பொண்ணுக்கு வயித்துவலி சரியாயிடுச்சா தம்பி?" என்று விசாரிக்கிறார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அந்தப் பிழியும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று நின்று, என் வலது காது எனக்கு முன்னால் ஓய்வு வாங்கிக்கொண்டது. இடது காது தற்காலிகப் பணியில் இருக்கிறது. ஹெட்போனை மாட்டி முழுச் சத்தம் வைத்தால் அது ஒழுங்காக வேலை செய்கிறது. ஆகவே இனிமேல் கடிதம்.

அண்ணனின் அலுவலகத்தில் உனக்கு வேலை என்றதும் ரசிகர் சங்கத்தில் என் மதிப்பு ஏறிவிட்டது. ஊருக்கு அவர் பாடகர், எங்களுக்கு அண்ணன். கூடப் பிறந்த அண்ணனையே நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன் என்பது வேறு விஷயம். சங்கத் தலைவரான தையற்காரர் இதுவரை எனக்கு ஸ்டூல்தான் போடுவார். இப்போது முதுகு சாய்கிற நாற்காலி.

நேரம் பார்த்து அண்ணனிடம் ஒன்று சொல். நகர மண்டபத்தில் அந்தக் காலத்தில் அவர் பாடிய கச்சேரி இணையத்தில் என் சேனலில் இருக்கிறது என்று சொல். டேப் ரெக்கார்டரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துப் பிடித்தது. அண்ணன் உச்சிக்குப் போய் நிற்கிறார், மண்டபமே மூச்சை அடக்குகிறது, அப்போது பார்த்து நான் தும்முகிறேன். உடனே உன் அம்மா சிரிக்கிறாள். வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு. நீ அப்போது அவள் வயிற்றில், டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்த ஒரே ரசிகை. நீ நடை பழகுவதற்குள் அவள் போய்விட்டாள். படம் நாலைந்து இருக்கிறது. குரல் என்று பார்த்தால் அந்தச் சிரிப்பு ஒன்றுதான். சின்ன வயதில் "அம்மா பாட்டு போடு" என்று நீ கேட்பது அதைத்தான். நான் பாட்டையெல்லாம் ஓட்டிவிட்டு, தும்மலில் இருந்து போடுவேன்.

தும்மியதற்கு அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா


ஜனவரி 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். வயிற்றுவலி போய்விட்டது, எதிர்வீட்டு அத்தையிடம் சொல்லிவிடுங்கள். காதுக்குச் சொட்டு மருந்து விடுகிறீர்களா?

அண்ணனை இன்னும் பார்க்கவில்லை. அவருக்குத் தனி லிஃப்ட், எங்கள் மாடியில் அது நிற்காது. நான் இருப்பது உரிமைப் பாதுகாப்புப் பிரிவு. இரண்டு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய். அடுத்த மேசைக்காரி பிரசவ விடுப்பில் போயிருக்கிறாள். அண்ணன் பாட்டை யார் யார் இணையத்தில் போட்டிருக்கிறார்கள் என்று தினமும் காலையில் கணினியே தேடிப் பட்டியல் கொடுக்கும். பெயர் வராது, எண் மட்டும்தான். ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்த்து நீக்க வேண்டும் என்பது விதி. யாரும் கேட்பதில்லை. பட்டியலின் தலையில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் மொத்தமும் தேர்வாகிவிடும், அப்புறம் ஒரே தட்டு. மேலாளர் ரசிகர்களைக் கொசு என்பார். "நீங்க வந்தப்புறம் கொசுத்தொல்லை குறைஞ்சிருக்கு" என்று நேற்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். ரசிகர்கள் எழுதும் மன்னிப்புக் கடிதங்களைச் சாப்பாட்டு வேளையில் ஒருவர் அழுகைக் குரலில் வாசிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா, சேனலில் இனி எதுவும் புதிதாகப் போடாதீர்கள். கேசட் பத்திரம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பாப்பா


பிப்ரவரி 19

அன்பு மகளுக்கு,

நலம். இடது காதும் நலம். நீ அனுப்பிய படத்தைப் பார்த்து நீ இளைத்துவிட்டாய் என்று எதிர்வீட்டு அக்கா சொல்கிறார். அவர் கண்ணாடி மாற்ற வேண்டிய ஆள்தான், இருந்தாலும் நன்றாகச் சாப்பிடு.

உன் கடிதம் கொஞ்சம் பிந்திவிட்டது. கேசட் பத்திரமான இடத்துக்குப் போய்விட்டது. உங்கள் அலுவலகத்துக்கேதான். பழைய கச்சேரிகளைத் தொகுத்து 'பொக்கிஷம்' என்று வெளியிடப் போகிறார்களாம். அண்ணனிடம் பழைய பதிவு ஒன்றுகூட இல்லையாம், வைத்திருக்கும் ரசிகர்கள் அனுப்பவும் என்று சங்கத்துக்குச் சுற்றறிக்கை வந்தது. மண்டப வாசலில் பையைக் குடைந்து ரெக்கார்டர்களைப் பிடுங்கிய அதே கூட்டம்தான் கேட்கிறது. அதெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. வெளுத்துத் தேய்த்த தலையணை உறையில் சுற்றி அனுப்பினேன். நகல்தான் சேனலில் இருக்கிறதே என்று வேறு நகலும் எடுக்கவில்லை. உன் அப்பன் புத்திசாலி என்று எவனாவது சொன்னால், அவன் எங்கள் சங்கத்து ஆளாகத்தான் இருப்பான்.

கைமாறாக அண்ணன் கையெழுத்துப் போட்ட படம் வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தையற்காரரும் ஒரு கேசட் அனுப்பியிருந்தார், அவருக்கும் வந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கையெழுத்தின் வாலில் ஒரு மைப்பொட்டு. இரண்டிலும் அதே இடத்தில் அதே பொட்டு. அண்ணன் கை எவ்வளவு சீர் பார் என்று தையற்காரர் மெய்சிலிர்த்தார். நான் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். அசையவில்லை, அச்சு.

போன ஞாயிறு அண்ணன் இங்கே கார் காட்சியறை திறக்க வந்தார். தையற்காரர் கண் விழித்துத் தைத்த சட்டையை நீட்டினார். அண்ணன் அதைப் பிரிக்காமல் உதவியாளரிடம் கொடுத்தார், உதவியாளர் காவலாளியிடம் கொடுத்தார், காவலாளி பிரித்துக் காரின் கண்ணாடியைத் துடைத்தார். நான் கைகொடுக்கப் போனேன். "தொடாதீங்க, கசங்கிடும்" என்றார் அண்ணன். ஊர்ப்பட்ட விரிப்புகளின் கசங்கலை எடுத்த கை இது. அதைப் பார்த்து அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவர் காலரின் உட்புறத்தில் மஞ்சள் படிந்திருந்ததை நான் சங்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

பனி அதிகம் என்றால் தலையை மூடிக்கொள்.

அப்பா


மார்ச் 27

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வரவில்லை. வேலை அதிகம், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நானே எடுத்துக்கொள்கிறேன். நான் நலம்.

'பொக்கிஷம்' வந்துவிட்டது. தையற்காரர் கடையில் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். அண்ணன் உச்சிக்குப் போனார், நான் தும்மினேன். ஆமாம், என் தும்மல்தான்! அளவு கொடுக்க வந்த ஆளிடம்கூட, "அது நான்தாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து என் சேனலைத் திறந்தால், சேனல் இல்லை. உரிமை மீறலுக்காக நீக்கப்பட்டது என்று ஓர் அறிவிப்பு மட்டும் இருக்கிறது. அண்ணனின் நிறுவனத்துக்குச் சொந்தமான ஒலி என் பதிவில் கலந்திருக்கிறதாம். எந்த இடம் என்று அவர்களே ஒரு துண்டு காட்டியிருக்கிறார்கள். போட்டுக் கேட்டேன். தும்மல். என் மூக்கில் இருந்து வந்தது இப்போது அண்ணனின் சொத்து. நல்ல வேளை, சளிக்கு உரிமை கேட்கவில்லை.

அறிவிப்பின் அடியில் 'உரிமைப் பாதுகாப்புப் பிரிவு' என்று பார்த்ததும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது, தெரிந்த இடமாயிற்றே என்று. சேனல் போனால் போகட்டும். கேசட்டை மட்டும் கேட்டு வாங்கி அனுப்பு. உன் அம்மா அதில்தான் இருக்கிறாள்.

பதில் எழுது.

அப்பா


ஏப்ரல் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பட்டியலில் பெயர் வராது, எண் மட்டும்தான் வரும் என்று முன்பே எழுதியிருந்தேன். 'பொக்கிஷம்' வெளியான வாரம் பட்டியல் மிகவும் நீளம். ஒருமுறை நீக்கிய சேனல் திரும்ப வருவது கஷ்டம் என்கிறார் மேலாளர். மேல்முறையீட்டுப் படிவம் இதோடு இருக்கிறது.

கேசட்டைப் பற்றி விசாரித்தேன். கணினியில் ஏற்றி முடித்ததும் வந்தவற்றையெல்லாம் கழித்துவிட்டார்களாம். எங்கே போட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

சொட்டு மருந்தை மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
மகள்


மே 12

அன்பு மகளுக்கு,

நலம். கற்றாழை புதுக் குருத்து விட்டிருக்கிறது.

படிவத்தை நிரப்பி அனுப்பினேன். இப்படைப்பு தங்களுடையதா என்று கேட்டிருந்தார்கள். தும்மல் மட்டும் என்று எழுதினேன். ஆதாரம்? மூக்கு. சாட்சி? மனைவி, சம்பவ இடத்தில் சிரித்தவர். நிறுவனத்து வக்கீலிடம் இருந்து பதில் வந்துவிட்டது. என் பதில்கள் பொருத்தமற்றவையாம், மீண்டும் மீறினால் நடவடிக்கையாம். மீண்டும் தும்மினால் என்று படித்துக்கொண்டேன்.

பிறகு ஹெட்போனை மாட்டி 'பொக்கிஷ'த்தை முழுச் சத்தத்தில் கேட்டேன். தையற்காரர் கடையில் தெரு இரைச்சலில் எனக்குத் தெரியவில்லை. தும்மல் இருக்கிறது, சிரிப்பு இல்லை. விரிப்பில் கறை எடுப்பது என் தொழில். அழுத்தித் தேய்த்த இடம் மற்ற இடத்தைவிட வெளுத்துக் காட்டிக் கொடுக்கும். அங்கேயும் அப்படித்தான். என் தும்மலுக்கு அடுத்தாற்போல் வெள்ளை வெளேரென்று ஒரு மௌனம். உங்கள் ஆட்கள் உன் அம்மாவைத் துவைத்து எடுத்துவிட்டார்கள்.

சேனலில் யார் கை வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நீயும் எழுத வேண்டாம். அடுத்த மேசைக்காரி விடுப்பில் இருப்பதாக நீ எழுதியதை நான் மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

ஆனால் கடிதத்தின் அடியில் வெறும் 'மகள்' என்று போட்டிருக்கிறாய். பாப்பா எங்கே போனாள்? அவள் சாப்பிட்டாளா?

அப்பா


ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்பு நலம். உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்ததில் மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது.

அலுவலகக் கோப்பு ஒன்றைக் கொடுக்கப் போகிற சாக்கில் மேல்மாடி ஒலிக்கூடத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் ஒலிப்பொறியாளர் எதையாவது மென்றுகொண்டே பேசுவார். சிரிப்பு என்றதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. அண்ணனே உட்கார்ந்து கேட்டாராம். அந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, "நான் உச்சியில நிக்கிறேன், எவளோ சிரிக்கிறா. என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கு. எடு அதை" என்றாராம். தும்மலையும் எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். அது தாளத்தில் சரியாக அடிமேல் விழுந்து ஒட்டிக்கொண்டதால் வரவில்லையாம். நீங்கள் தாளத்தோடு தும்மியிருக்கிறீர்கள் அப்பா.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் உள்ளே வந்துவிட்டார். பக்கத்தில் பார்த்தால் குட்டையாக இருக்கிறார். நான் சொல்லிவிட்டேன், சிரித்தது என் அம்மா, பதிவு பண்ணியது என் அப்பா என்று. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"எந்த டிபார்ட்மென்ட்?"

சொன்னேன்.

"அப்ப உனக்கே தெரியணுமே. ரசிகன்னா கை தட்டிட்டு வீட்டுக்குப் போகணும். டேப் ரெக்கார்டர் கொண்டு வர்றவன் திருடன்."

அந்தத் திருடன் கொடுத்ததைத்தானே விற்கிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கோப்பை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மேசைக்குத் திரும்பி அன்றைய பட்டியலைத் திறந்து, விதிப்படி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். ஒருவர் குழந்தையைத் தூங்க வைக்கிறார், பின்னால் எங்கோ வானொலியில் அண்ணன் பாடுகிறார். ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டே கூடப் பாடுகிறாள், அவரைவிட நன்றாகவே பாடுகிறாள். சாயங்காலம் வரை நான் எதையும் நீக்கவில்லை. கொசு பெருகிவிட்டது என்று மேலாளர் முறைக்கிறார்.

தூக்கம் வருகிறதா உங்களுக்கு?

உங்கள் பாப்பா


ஜூன் 12

பாப்பாவுக்கு,

நலம், தூக்கமும் நலம்.

உன் கடிதத்தைச் சங்கத்தில் படித்துக் காட்டினேன். படித்திருக்கக் கூடாது. தையற்காரர் எழுந்து நின்று, அண்ணனின் சொத்தை அபகரித்ததற்காக என்னைச் சங்கத்திலிருந்து நீக்குவதாக அறிவித்தார். தும்மல் என்னுடையதுதானே ஐயா என்றேன். "அண்ணன் கச்சேரியில தும்மினா அது அண்ணனுக்குத்தான் சொந்தம்" என்றார். அவர் தைத்த சட்டை கார் துடைக்கப் போனதே என்று கேட்டேன். அண்ணன் காரையல்லவா துடைத்தது என்கிறார். இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது? சாய்கிற நாற்காலியும் போய்விட்டது, ஸ்டூலும் போய்விட்டது.

அவரைச் சொல்லி என்ன. போன வருடம் வரை நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் சத்தமாக. ஒரு ஆளின் தொண்டையைக் கும்பிட்டுக் கும்பிட்டு, அந்தத் தொண்டைக்கு மேலே ஒரு தலை இருக்கிறது என்பதையே பார்க்காமல் விட்டுவிட்டேன். உன் அம்மா சிரித்தது என்னைப் பார்த்துத்தான். ஆனால் அந்த ஆளைப் பார்த்துச் சிரித்திருந்தாலும் நியாயம்தான்.

அண்ணன் படத்தை என்ன செய்தேன் என்று கேட்பாய். அந்த அச்சடித்த கையெழுத்துப் படம் நல்ல தடிமன். சலவைக்கூடத்துக் கொதிகலன் அறையில் ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு மடித்து அண்டக் கொடுத்தேன். மேசை இப்போது ஆடவில்லை. அவரால் எனக்கு ஆன ஒரு உபகாரம்.

கேசட்டைத் தேட வேண்டாம். அதற்காக வேலையில் கெட்ட பெயர் வாங்காதே.

அப்பா


ஜூலை 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். முகவரி மாறியிருக்கிறது, பதிலை மேலே உள்ள விலாசத்துக்கு எழுதுங்கள். அறை சின்னது, ஆனால் ஜன்னலில் குழாய் இல்லை.

இதோடு ஒரு பென் டிரைவ் இருக்கிறது. மெல்லுகிற அந்த ஒலிப்பொறியாளர் கடைசி நாளில் கொடுத்தார். பழைய பதிவில் இரைச்சலை எடுக்கும்போது, எடுத்தது மட்டும் தனிக் கோப்பாக விழுமாம். அண்ணன் குரல் ஒரு துளிகூட அதில் தப்பிப் போகவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, பிறகு அதை அழித்துவிடுவார்களாம். இவருக்கு அழிக்கச் சோம்பல். "குப்பைதானே, எடுத்துட்டுப் போ" என்றார்.

அந்தக் கச்சேரி முழுக்க இருக்கிறது அப்பா. நாற்காலி இழுக்கிற சத்தம், மின்விசிறி, முன்வரிசையில் ஒருவரின் இருமல், ஏதோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்கிறது, துண்டு உரசுவது, அது உங்கள் துண்டாகத்தான் இருக்கும். பாட்டு மட்டும் இல்லை. அண்ணன் அறவே இல்லை.

சிரிப்பு இருக்கிறது. தும்மல் இல்லை, அது அவர்களிடமே தங்கிவிட்டது. அதனால் அம்மா காரணமே இல்லாமல் சிரிக்கிற மாதிரி இருக்கும், திடுக்கிடாதீர்கள். நான் பேருந்தில் உட்கார்ந்து கேட்டேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

நீங்கள் எழுத வேண்டாம் என்று சொன்னதை எழுதவில்லை. நேரில் வருகிறேன்.

உங்கள் பாப்பா


ஆகஸ்ட் 2

பாப்பாவுக்கு,

நானும் காதும் கற்றாழையும் நலம். புது வேலை கிடைக்கிற வரை வீட்டுக்கு வந்துவிடு. வேலை போய்விட்டது என்று நீ எங்கேயும் எழுதவில்லைதான். எனக்குக் காதுதான் மந்தம்.

கேட்டேன். முதலில் நகல் எடுத்தேன், அதுவும் ஒன்றுக்கு மூன்றாக. உன் அப்பன் தாமதமாகத் திருந்துகிற ஜாதி. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன். அந்த மண்டபத்தில் நான் இதுவரை கேட்காத கச்சேரி இது. எல்லாரும் அவரைக் கேட்க வந்தோம், இப்போது அவர் போய் நாங்கள் மட்டும் இருக்கிறோம்.

புதுச் சேனல் ஆரம்பித்து, 'அண்ணன் இல்லாத கச்சேரி' என்று அதைப் போட்டுவிட்டேன். சிரிப்பை மட்டும் வெட்டிவிட்டேன், அது வீட்டுச் சொத்து. உன் பழைய அலுவலகத்துக் கணினி வந்து தடவிப் பார்த்திருக்கும், பிடிக்க ஒன்றும் கிடைத்திருக்காது. ஒருவர் கீழே எழுதியிருக்கிறார், தண்ணீர் கேட்ட குழந்தை நான்தான் என்று. இன்னொருவர் அந்த இருமல் தன் அப்பாவுடையது, சத்தியமாக அவருடையது என்கிறார். தையற்காரர் நேற்று வாசலில் வந்து நின்றார். இடைவேளைக்கு முன்னால் வருகிற விசில் தன்னுடையதா என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். உட்கார வைத்துக் கேட்க விட்டேன். ஸ்டூலில்தான்.

சிரிப்பு விஷயத்துக்கு வருகிறேன். முதல் தடவை நீ சொன்னபடிதான், எங்கிருந்தோ திடீரென்று சிரிக்கிறாள், எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இரண்டாம் தடவை இடம் பிடிபட்டுவிட்டது. பக்கத்தில் யாரோ நாற்காலியை நகர்த்துகிறார், துண்டு உரசுகிறது, அதுதான் என் இடம். அங்கே நானே தும்முகிறேன். அவள் சிரிக்கிறாள். பின்னால் ஓட்டி மறுபடி தும்முகிறேன், மறுபடி சிரிக்கிறாள். சளி முற்றிவிட்டது என்று எதிர்வீட்டு அக்கா கஷாயம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஆள் என் பழைய தும்மலை வைத்துக்கொள்ளட்டும். என்னிடம் நிறைய இருக்கிறது.

வரும்போது இன்னொரு ஹெட்போன் எடுத்து வா. நீ கேள், நான் தும்முகிறேன்.

அப்பா